அப்பா அம்மா ஆறு மாதம் இங்கே: கார் இல்லாமல் கான்கார்ட் போய் வர முடியுமா?

ஆக்டன்வாசி எழுதியது:

வணக்கம். அப்பாவும் அம்மாவும் மே முதல் வாரம் வருகிறார்கள், அக்டோபர் கடைசி வரை எங்களோடு இருப்பார்கள். நாங்கள் இருப்பது மாசசூசெட்ஸில் ஆக்டன். சவுத் ஆக்டன் ரயில் நிலையம் வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தான்.

போன முறை வந்தபோது நடந்தது இன்னும் உறுத்துகிறது. நாங்கள் இருவரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவோம். அப்பா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தபால் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். திருவல்லிக்கேணியில் பால் வாங்க இறங்கினால் பத்துப் பேரிடம் பேசிவிட்டு வீடு திரும்புகிற மனிதர் அவர். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் வயல் வரப்பெல்லாம் நடந்தவர். இங்கே தெருமுனை வரை போனால் அதற்கப்பால் நடைபாதையே இல்லை என்று திரும்பி வந்துவிடுவார். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் நாள்காட்டியில் தேதியை அடித்துக்கொண்டே வந்ததை ஒருநாள் பார்த்துவிட்டேன்.

இந்த முறை வாரநாளில் அவர்கள் இருவர் மட்டும் போய்வர ஓர் இடம் வேண்டும். பக்கத்து ஊர் கான்கார்ட் ரயிலில் இரண்டாவது நிறுத்தம், பத்து நிமிடம்கூட ஆகாது. நான் அங்கே போனது இரண்டே முறை, அதுவும் காரில். 70 வயதைத் தாண்டிய இருவர் நடந்தே பார்க்கிற மாதிரி ஊரா அது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெளிவட்டம் எழுதியது:

நேர்மையாகச் சொல்கிறேன், அவ்வளவு தூரம் செலவழித்து வருகிறவர்களை நயாகரா, நியூயார்க், வாஷிங்டன் என்று கூட்டிப் போங்கள். கான்கார்டில் என்ன இருக்கிறது? ஒரு மரப்பாலம், ஒரு குளம், நாலு பழைய வீடு. நம் ஊர்ப்பக்கம் ஆயிரம் வருடத்துக் கோயிலைப் பார்த்தவர்களுக்கு 250 வருடத்துப் பாலம் பெரிதாகத் தெரியாது. ஆஷ்லாந்தில் லட்சுமி கோயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப் போனாலே அம்மா சந்தோஷப்படுவார்.

பழைய பாஸ்டன்காரன் எழுதியது:

வெளிவட்டம், கோயிலுக்கும் போகட்டும், நயாகராவுக்கும் போகட்டும். அவர் கேட்பது வேறு. நயாகராவுக்கு மகன் கூட்டிப் போனால்தான் போக முடியும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு தாங்களாகவே கிளம்புவது என்பது இந்த நாட்டில் நம் பெற்றோருக்குக் கிடைக்கவே கிடைக்காத ஒன்று. என் அம்மா மூன்று முறை வந்தார், மூன்று முறையும் நான் ஓட்டிய காரின் பின்சீட்டிலிருந்துதான் அமெரிக்காவைப் பார்த்தார். இப்போது அவர் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

ஆக்டன்வாசி, கண்டிப்பாக முடியும். முதலில் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லப் பழக்குங்கள். உள்ளூர்க்காரர்கள் 'காங்கர்ட்' என்றுதான் சொல்வார்கள், ரயிலிலும் அப்படித்தான் காதில் விழும். 18 ஆயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர், பாஸ்டனிலிருந்து 20 மைல். கார் வருவதற்கு முன்பே உருவான ஊர் என்பதால் நடுவில் ஒரு சதுக்கம், அதைச் சுற்றிக் கடை, நூலகம், தேவாலயம், இடுகாடு எல்லாம் நெருக்கமாக இருக்கிறது. நடைபாதையும் ஒழுங்காக உண்டு.

நிலையத்தில் இறங்கியதும் தெருப் பெயரே தோரோ தெரு, 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் வாழ்ந்த எழுத்தாளர் தோரோவின் பெயர். அங்கிருந்து பத்து நிமிட நடையில் பிரதானத் தெரு. பார்வையாளர் மையம் அந்தத் தெருவில்தான் இருக்கிறது, அங்கே கழிப்பறை உண்டு. வயதானவர்களுக்கு இதுதான் முதலில் தெரிய வேண்டியது, யாரும் சொல்லமாட்டார்கள். அப்புறம் சதுக்கம். அங்கிருந்து மான்யுமென்ட் தெருவில் கால் மணி நேரம் மெதுவாக நடந்தால் வடக்குப் பாலம். 1775 ஏப்ரல் 19 அன்று இந்தப் பாலத்தில்தான் ஊர்க்காரர்கள் பிரிட்டிஷ் படையை நேருக்கு நேர் எதிர்த்துச் சுட்டுத் திருப்பி அனுப்பினார்கள். தேசியப் பூங்கா, நுழைவுக் கட்டணம் கிடையாது. இப்போது இருப்பது அதே பாலம் இல்லை, திரும்பக் கட்டியது. ஆனால் ஆறு அதே ஆறு, மெதுவாகத்தான் ஓடும், ஓடுகிறதா நிற்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும்.

உங்களுக்கு இன்னொன்று. அந்தச் சண்டையில் முதலில் விழுந்தவர்களில் ஒருவர் கேப்டன் ஐசக் டேவிஸ், உங்கள் ஆக்டன் ஊர்க்காரர். துப்பாக்கி செய்கிற கொல்லர். அவருடைய ஆட்களிடம் துப்பாக்கி முனையில் செருகும் கத்தி இருந்ததால் முன்வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஆக்டனிலிருந்து பாலம் வரை அந்த வழியிலேயே மக்கள் நடந்து போகிறார்கள். உங்கள் ஆக்டன் நடுவிலிருக்கும் உயரமான நினைவுத்தூண் அவருக்கும் அவரோடு இறந்தவர்களுக்கும்தான். தினமும் அதைத் தாண்டித்தான் போவீர்கள்.

நெல்லைக்காரி எழுதியது:

நான் கான்கார்டில் ஏழு வருடம் இருந்தேன். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், தயவுசெய்து அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று, உண்ணி. மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். மே முதல் ஜூலை வரை குட்டி உண்ணிகள் கசகசா அளவுதான் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. நடைபாதையில் நடந்தால் பயமில்லை, உயரமான புல்லுக்குள்ளும் காய்ந்த சருகுக்குள்ளும் இறங்கினால்தான் ஒட்டும். அம்மா புடவை கட்டுகிறவர் என்றால் கணுக்காலில் காலுறையை மேலே இழுத்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் பார்க்க வேண்டும். என் மாமியாருக்கு முழங்கால் பின்புறம் வட்டமாகச் சிவந்து, நாங்கள் அதைக் கொசுக்கடி என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் கழித்துத்தான் மருத்துவரிடம் போனோம். மருந்தில் சரியாகிவிட்டது, ஆனால் அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

இரண்டு, தண்ணீர். வீட்டிலிருந்தே பாட்டிலில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒரு லிட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை அந்த ஊரில் விற்கக்கூடாது, 2013 ஜனவரி 1 முதல் சட்டம். 80 வயதைத் தாண்டிய ஓர் அம்மா ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசி, தோற்று, மறுபடி வந்து பேசி, 2012இல் ஓட்டெடுப்பில் ஜெயித்துக் கொண்டுவந்த சட்டம் அது. அங்கே ஊர்க்கூட்டம் என்றால் உண்மையிலேயே ஊர்க்கூட்டம், ஓட்டுரிமை உள்ள யாரும் போய் உட்கார்ந்து கை தூக்கலாம். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், ரசிப்பார்.

சாப்பாட்டுக்குத் தயிர்சாதம், எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்துவிடுங்கள். ஆற்றங்கரைப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

மரீனாகாற்று எழுதியது:

அப்பா திருவல்லிக்கேணியா? அப்படியானால் அவரைக் கான்கார்டில் இருக்கும் வால்டன் குளத்துக்குக் கட்டாயம் அனுப்புங்கள். மெரினாவில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இப்போதைய விவேகானந்தர் இல்லம், அங்கே வந்த ஐஸ் இந்தக் குளத்தில் வெட்டியதுதான்! தோரோவே எழுதியிருக்கிறார், சென்னைக்காரர்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்கிற மாதிரி.

பழைய பாஸ்டன்காரன் எழுதியது:

மரீனாகாற்று, பாதி சரி. எனக்கும் இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் சரியாகச் சொல்லிவிட ஆசைப்படுகிறேன்.

பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1833இல் முதல்முறை கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். நாலு மாதக் கடல் பயணம், நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்ட வேண்டும். வெப்பம் புகாதபடி பொதிந்து அனுப்பியதால் பெரும்பங்கு கரையாமல் போய்ச் சேர்ந்தது. சென்னையில் ஐஸ் ஹவுஸ் கட்டடம் 1842இல் எழுந்தது. ஆனால் டியூடரின் ஆட்கள் வால்டனில் ஐஸ் வெட்ட வந்தது 1846-47 குளிர்காலத்தில்தான், கட்டடம் எழுந்து சில வருடம் கழித்து. தோரோ அப்போது குளக்கரைக் குடிசையில் இருந்தார், தினமும் நூறு ஐரிஷ் கூலியாட்கள் வந்து வெட்டியதைப் பார்த்து எழுதினார். கரையில் பத்தாயிரம் டன் அளவுக்குக் குவித்து வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். அதில் ஒரு பகுதிதான் எடுத்துப் போகப்பட்டது. மீதி அங்கேயே இரண்டு கோடை தாண்டி 1848 செப்டம்பரில்தான் முழுக்கக் கரைந்தது. டியூடரின் ஐஸ் கேம்பிரிட்ஜ் பக்கம் இருக்கும் ஃப்ரெஷ் பாண்ட் போன்ற மற்ற குளங்களிலிருந்தும் வந்தது. சென்னை, பம்பாய், கல்கத்தா மக்கள் தன் கிணற்றில் குடிப்பதாகத் தோரோ எழுதியது உண்மை, அது அவருடைய கற்பனை விரிந்த இடம். கீதை படித்துக்கொண்டிருந்தவர், வால்டன் தண்ணீரும் கங்கையும் கலப்பதாக எண்ணி மகிழ்ந்திருக்கிறார்.

எந்தக் கட்டி எந்தக் குளத்தில் வெட்டியது என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சுற்றுவட்டாரக் குளங்கள்தான் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் வந்து இறங்கின, அதில் சந்தேகமே வேண்டாம்.

வால்டனுக்கு நிலையத்திலிருந்து ஒன்றரை மைல் போல. நடக்கலாம், ஆனால் இரண்டாம் நம்பர் நெடுஞ்சாலையை சிக்னலில் கடக்க வேண்டும், வண்டிகள் சீறிக்கொண்டு போகும். வயதானவர்களைத் தனியே அனுப்பமாட்டேன். நீங்களே காரில் கூட்டிப் போங்கள். மாசசூசெட்ஸ் எண் பலகை இருந்தால் நிறுத்தக் கட்டணம் 8 டாலர், வெளிமாநில வண்டிக்கு 30. வெயில் காலத்து சனி ஞாயிறு பத்து மணிக்கே இடம் நிரம்பி வாசலை மூடிவிடுவார்கள். காலை ஏழரைக்குப் போனால் நீச்சலடிப்பவர்கள் நாலு பேரும் நீங்களும்தான்.

கரிசல்மண் எழுதியது:

எல்லாரும் பாலம், குளம் என்கிறீர்கள். சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே மேட்டில் பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது, அங்கே ஒரு கல்லைத் தேடிப் பாருங்கள். ஜான் ஜாக் என்பவரின் கல். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர், உழைத்துக் காசு சேர்த்துத் தன்னையே விலை கொடுத்து மீட்டுக்கொண்டவர், 1773இல் இறந்தார். கடவுள் நம்மைச் சுதந்திரமாக வைக்க நினைக்கிறார், மனிதன் அடிமையாக வைக்க நினைக்கிறான் என்று தொடங்குகிறது அதில் வெட்டியிருக்கும் வாசகம். விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கிய ஊரில் பாலச் சண்டைக்கு முன்பே இறந்தவர் அவர். வடக்குப் பாலத்துக்கு எதிரே ராபின்ஸ் வீடு என்று சின்ன வீடும் உண்டு, அடிமையாக இருந்து புரட்சிப் போரில் பங்கெடுத்த சீசர் ராபின்ஸின் பிள்ளைகள் வாழ்ந்த வீடு. பாலத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அந்த ஊர்க்கதையில் பாதிதான் தெரியும்.

தோரோ சிறையில் இருந்த இடத்தையும் சதுக்கத்துப் பக்கம் காட்டுவார்கள். 1846 ஜூலையில் தலைவரி கட்ட மறுத்து ஒரே ஓர் இரவு. அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்கு வரி தரமாட்டேன் என்றார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி படித்து 1907இல் தன் பத்திரிகையில் எடுத்துப்போட்டு எழுதினார்.

ஆக்டன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஜூன் கடைசி ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் முறை நானும் கூடப் போனேன். டிக்கெட் எடுப்பது, எந்த நடைமேடை, திரும்ப வரும் ரயில் நேரம் எல்லாம் அப்பா தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டாவது வாரம் அவர்களாகவே போனார்கள். நான் அலுவலகத்தில் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு அம்மா கூப்பிட்டு, ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது, நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறோம், ஜில்லென்று இருக்கிறது, நீ வேலையைப் பார் என்று வைத்துவிட்டார். இப்போது செவ்வாயும் வியாழனும் அவர்களுக்குக் கான்கார்ட் நாள்.

வால்டனுக்கு ஒரு சனிக்கிழமை ஏழு மணிக்கே போய்விட்டோம். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் தோரோவின் வீட்டைப் போலவே ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள், 10 அடிக்கு 15 அடி. ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் எழுதும் பலகை, மூன்று நாற்காலி, ஓர் அடுப்பு. அம்மா உள்ளே நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கல்யாணமாகி வந்தபோது பார்த்தசாரதி கோயில் பின்னால் நாம் இருந்த ஒண்டுக்குடித்தன அறை இவ்வளவுதான், அதில் உன் பாட்டியும் இருந்தார் என்றார். நாங்கள் வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் அதற்குள்ளேயே நின்றிருந்தார்.

அசல் வீடு இருந்த இடம் கரையோரமாகக் கால் மணி நேரம் உள்ளே நடக்க வேண்டும். கல்தூண் நட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் வருகிறவர்கள் போட்ட கற்கள் குவியலாகக் கிடக்கின்றன. அப்பா அங்கே நிற்கவில்லை, நேராகத் தண்ணீர் ஓரம் போனார். தோரோவும் நில அளவையாளர் என்று நான் சொன்னதிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. 1846 ஆரம்பத்தில் குளம் உறைந்திருந்தபோது பனிக்கட்டியில் துளை போட்டு, மீன்பிடி நூலில் கல்லைக் கட்டி இறக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆழம் பார்த்திருக்கிறார். அதற்கு முன் ஊரில் அதற்கு அடியே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அவர் கண்ட ஆழம் 102 அடி. பரப்பு 61 ஏக்கர் 103 சதுர ராடு. ராடு என்பது பழைய நில அளவு, பதினாறரை அடி. வீட்டுக்கு வந்ததும் ஊர் நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் அவருடைய அளவை வரைபடங்களைத் திறந்து கொடுத்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையருகே குனிந்தார். நாலு ராடு ஒரு சங்கிலி, நாமும் இதே 66 அடிச் சங்கிலியைத்தான் இழுத்தோம், நூறு கண்ணி, பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும், இருட்டில்கூட விரலால் தடவி எண்ணிவிடுவேன் என்று விரல்களை நகர்த்திக் காட்டினார். இரவு பதினொன்று வரை அந்தப் படங்களை விடவில்லை.

ஐஸ் விஷயத்தையும் சொன்னேன், பழைய பாஸ்டன்காரன் சொன்ன திருத்தத்தோடு. சின்ன வயதில் ஐஸ் ஹவுஸ் நிறுத்தத்தில்தான் தினமும் பஸ் ஏறுவாராம், பெயர் ஏன் அப்படி என்று யாரும் கேட்டதில்லையாம்.

நெல்லைக்காரி அக்கா, காலுறை, பரிசோதனை எல்லாம் தவறாமல் நடக்கிறது. இதுவரை ஒன்றும் இல்லை.

வெளிவட்டம் எழுதியது:

படித்தேன். நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். என் மாமனார் மாமியார் ஆகஸ்டில் வருகிறார்கள், நாங்கள் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் போர்ட்டர் சதுக்கம் பக்கம். கான்கார்ட் போகும் ஃபிட்ச்பர்க் ரயில் அங்கேயும் நிற்கிறது. ஆகஸ்டில் வேறு என்ன பார்க்கலாம்?

நெல்லைக்காரி எழுதியது:

நல்லது. பாஸ்டனிலிருந்து போகும்போது ரயிலில் வலப்பக்கம் உட்காரச் சொல்லுங்கள், லிங்கன் நிலையம் தாண்டியதும் மரங்களுக்கு நடுவே வால்டன் குளம் மின்னி மறையும். கொஞ்சம் கவனம் பிசகினாலும் தவறிவிடும்.

ஸ்லீப்பி ஹாலோ இடுகாடும் பாருங்கள். இடுகாடு என்று தயங்க வேண்டாம், மரங்கள் அடர்ந்த மேடு. தோரோவின் கல் முழங்கால் உயரம்கூட இல்லை, 'ஹென்றி' என்ற பெயர் மட்டும்தான். அவர் குடும்பத் தொழில் பென்சில் செய்வது என்பதால் வருகிறவர்கள் பென்சில் வைத்துவிட்டுப் போவார்கள். கொஞ்சம் தள்ளி எஃப்ரைம் புல் என்பவர் படுத்திருக்கிறார். ஜாம், ஜூஸ் எல்லாவற்றிலும் வரும் அந்தக் கறுநீலக் கான்கார்ட் திராட்சையை 1849இல் தன் தோட்டத்தில் உருவாக்கியவர். அதில் பெரிய பணம் பார்த்தவர்கள் மற்றவர்கள். அவர் விதைத்தார், மற்றவர்கள் அறுத்தார்கள் என்று கல்லிலேயே எழுதியிருக்கிறது.

ஆகஸ்ட் என்றால் கிரேட் மெடோஸ். பறவைகள் சரணாலயம், கார் வேண்டும். நடுவில் மண்கரை, இருபுறமும் தண்ணீர், நம் ஊர் ஏரிக்கரையில் நடப்பது மாதிரியே இருக்கும். தண்ணீர் முழுக்கத் தாமரை, மஞ்சள் தாமரை.

ஆக்டன்வாசி எழுதியது:

ஆகஸ்ட் முதல் ஞாயிறு கிரேட் மெடோஸ் போனோம், வெளிவட்டம் கேட்டதற்காகச் சொல்கிறேன். இலைகள் இடுப்பு உயரத்துக்கு எழும்பி நின்றன, பூ வெளிர் மஞ்சள், கை அகலம். சாம்பல் நிறக் கொக்கு ஒன்று கரையிலிருந்து பத்தடியில் அசையாமல் நின்றது. அம்மா குனிந்து ஓர் இலையில் தண்ணீரைக் கையால் அள்ளிவிட்டு, அது உருண்டு ஓடுவதைப் பார்த்தார். இன்னொரு முறை விட்டார். பறிக்கக்கூடாது என்று பலகை இருக்கிறதே என்றேன், பறிக்கவில்லையே என்றார்.

காலை எட்டுக்குள் போங்கள். ஒன்பதுக்கு மேல் கரையில் நிழலே இல்லை. தொப்பியும் குடையும் கட்டாயம். வியாழக்கிழமை அப்பா அம்மா வழக்கம்போல் நடு ஊரில்தான் இருப்பார்கள், உங்கள் மாமனார் மாமியார் வந்ததும் சொல்லுங்கள், பத்து மணி வாக்கில் நூலக வாசலில் சந்திக்கலாம் என்று அப்பா சொல்லச் சொன்னார். அம்மா நாலு பேருக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு வருவாராம்.